அவலரக்கு எந்தக் கடையில் கிடைக்கும்?

சென்னை நொச்சிக்குப்பம் கரையில் இன்று ஏற்றி வைத்திருக்கும் படகுகளில் மரம் என்று தொட்டுக் காட்ட அதிகம் மிச்சமில்லை, எல்லாம் ஃபைபர். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகவும் கடனாகவும் வந்திறங்கிய படகுகள், ஏற்கெனவே தேய்ந்துகொண்டிருந்த கட்டுமரத்தை ஏறக்குறைய முடித்துவைத்தன. மீனவர்கள் இதற்காக வருந்த வேண்டியதில்லை. வேகம் கூடியது, பராமரிப்பு குறைந்தது, கட்டைக்காகக் கேரளத்தை எதிர்பார்க்கும் தொல்லையும் விட்டது. ஆனால், ஓர் ஊரைவிட்டு மரம் போகும்போது மரத்தை அண்டிப் பிழைத்த சில்லறைச் சரக்குகளும் கூடவே போய்விடுகின்றன. கட்டுமரத்துக்கு எண்ணெய், மெருகு எதுவும் பெரிதாகத் தேவைப்பட்டதில்லை. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியாக மணலில் உலர்த்துவார்கள், பராமரிப்பு அவ்வளவுதான். பலகை வைத்துக் கட்டிய வள்ளங்களின் கதை வேறு. இடுக்குகளில் பஞ்சும் குங்கிலியமும், மேலே மீனெண்ணெயோ முந்திரிக்கொட்டை எண்ணெயோ என்று வருடந்தோறும் அவற்றுக்குச் செலவு இருந்தது. அந்தச் செலவை நம்பி அந்தச் சரக்கை விற்றவர்களும் இருந்தார்கள்.

மரமே இல்லாத இடத்தில் மர மெருகைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். குப்பத்திலிருந்து சாந்தோம் பக்கம் ஏறி மயிலாப்பூருக்குள் நுழைந்தால் மரம் இன்னும் இருக்கிறது. பழைய வீடுகளின் பர்மா தேக்கு ஊஞ்சல், கடலைப் பார்த்த ஜன்னல் சட்டம், வீணையின் பலாக் குடம். இடிக்கப்பட்ட வீட்டிலிருந்து கதவை விலைக்கு வாங்கி அடுக்குமாடி ஃபிளாட்டில் மாட்டியவர்களும் உண்டு. குப்பத்திலேயே, 2024 ஆகஸ்டில் திறந்த லூப் ரோடு மீன் அங்காடியில், மீன் வெட்டும் புளியங்கட்டைகள் இருக்கின்றன. இவற்றுக்கெல்லாம் ஏதாவது ஒன்று பூச வேண்டும், அல்லது எதுவும் பூசக் கூடாது. எதை என்று தெரிந்துகொள்வதைவிட, அதை எங்கே வாங்குவது என்பதுதான் இப்போது சிக்கலாகிவிட்டது.

பெயின்ட் கடைக்குப் போய்ப் பாருங்கள். மர மெருகுக்கென்று ஒரு அலமாரி முழுக்க டப்பாக்கள் இருக்கும். நன்றாக உற்றுப் பார்த்தால் அத்தனையும் மூன்று நான்கு வகைக்குள் அடங்கிவிடும்: சின்தெடிக் வார்னிஷ், என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர், மெலமைன், பி.யு. (பாலியூரித்தேன்). நான்குமே மரத்தின் மேல் பிளாஸ்டிக் போலப் படலம் கட்டுபவை. கிளாஸா மேட்டா, உள்ளேயா வெளியேயா, ஒரு டப்பாவா இரண்டு டப்பா கலவையா என்பதில்தான் வேறுபாடு. பழைய மெருகுச் சரக்கான அவலரக்கு (ஷெல்லாக்) இருக்கிறதா என்று கேட்டால், “அதெல்லாம் இப்ப யாரு சார் வாங்குறாங்க? பி.யு. அடிச்சிடுங்க, ரெண்டு நாள்ல வேலை முடிஞ்சிரும்” என்பார் கடைக்காரர். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும் பிரெஞ்சு பாலிஷ் போடத் தெரிந்த ஒருவர், பஞ்சுப் பொதியைத் துணியில் சுற்றி, மெல்லிய பூச்சுகளாக ஒற்றி ஒற்றி ஒரு மேசையை முடிக்க ஒரு வாரம் எடுப்பார். ஸ்பிரே கன் ஒரு நாளில் முடிக்கும். கூலி ஏறிய ஊரில் எது ஜெயிக்கும் என்பது தெரிந்ததே.

இருந்தாலும் வாங்குபவர் மட்டும் இதைத் தீர்மானிக்கவில்லை. கடையின் இடமும் ஒரு காரணம். வண்ணம் கலக்கும் டின்டிங் எந்திரம் ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டால், மயிலாப்பூர் அளவுக் கடையில் கால்வாசி இடம் அதற்கே போகும். எந்திரம் ஒரு நிறுவனத்தினுடையது. மிச்ச இடமும் பெரும்பாலும் அந்த நிறுவனத்துக்கே. 2024 பிப்ரவரியில் பிர்லா ஓபஸ் பெயின்ட் சந்தைக்கு வந்தபோது டீலர்களுக்கு டின்டிங் எந்திரத்தை இலவசமாகத் தர முன்வந்தது இதனால்தான். போட்டி நடப்பது கடையின் தரைக்காக. பிர்லா ஓபஸின் தாய் நிறுவனமான கிராசிம் தந்த புகாரின் பேரில், டீலர்களைக் கட்டுப்படுத்துவதாக ஏசியன் பெயின்ட்ஸ் மீதான குற்றச்சாட்டை விசாரிக்க 2025 ஜூலையில் இந்தியப் போட்டி ஆணையம் உத்தரவிட்டது. ஜே.எஸ்.டபிள்யூ. பெயின்ட்ஸ் கொண்டுவந்த இதே போன்ற புகார் 2022-இல் தள்ளுபடியானது என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த ஜே.எஸ்.டபிள்யூ.தான் 2025 ஜூனில் டூலக்ஸ் பெயின்ட் தயாரிக்கும் அக்ஸோ நோபல் இந்தியாவின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்க ஒப்பந்தம் போட்டது. இவையெல்லாம் முதன்மையாகச் சுவர்ப் பெயின்ட்டுக்கான சண்டை. ஆனால், அரைக் கிலோ அரக்கு, கால் லிட்டர் ஆளி விதை எண்ணெய் என்று எடை போட்டுக் கொடுத்த மூலை அந்தச் சண்டையில் காணாமல் போகிறது. அதற்காக யாரும் ஆணையத்துக்குப் புகார் எழுதப்போவதில்லை.

இடத்தைவிடப் பெரிய தடை சட்டத்தில் இருக்கிறது. அவலரக்கு கரைவது ஸ்பிரிட்டில். தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் 1959-இல் இயற்றிய விதித்தொகுப்பு ஒன்று உண்டு. அதன் தலைப்பிலேயே, குடிக்க முடியாதபடி இயல்பு மாற்றிய ஸ்பிரிட், மெத்தில் ஆல்கஹால் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் பிரெஞ்சு பாலிஷும் உட்கார்ந்திருக்கிறது. வார்னிஷைக் குடித்துச் செத்தவர்களைப் பார்த்த ஊர் இது. தச்சர் கடைச் சரக்கை மதுவிலக்குத் துறை கண்காணிப்பதில் வியப்பில்லை. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டுப் பகுதியிலும் 20-க்கும் மேற்பட்டோர் மெத்தனாலுக்குப் பலியானார்கள். எக்கியார்குப்பமும் ஒரு மீனவர் ஊர்தான். அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர். இதற்குப் பிறகு ஸ்பிரிட்டைத் தாராளமாக விற்கச் சொல்லி யாரும் வாதாட முடியாது, நானும் வாதாடவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த இரண்டு சம்பவங்களிலும் உயிரைக் குடித்தது மெத்தனால். அது பாலிஷ்காரரின் அரை லிட்டர் பாட்டிலிலிருந்து ஒழுகி வரும் சரக்கு இல்லை. மொத்தமாகத் திருப்பிவிடப்பட்டு வரும் ஆலைச் சரக்கு. உரிமம், பதிவேடு, சோதனை என்ற சுமையைப் பெரிய ஆலை வக்கீல் வைத்துச் சமாளிக்கும். தெருமுனைக் கடைக்காரரோ “நமக்கு எதுக்கு வம்பு” என்று அந்தச் சரக்கையே நிறுத்திவிடுவார். சட்டம் தடுக்க நினைத்தவர் வேறு, தடுக்கப்பட்டவர் வேறு. இதில் ஒரு கூத்தும் உண்டு: புவிசார் குறியீடு பெற்ற மரச் சிற்பத்துக்குப் பேர்போன ஊரும் அதே கள்ளக்குறிச்சிதான்.

சரி, அவலரக்கு கிடைக்காவிட்டால் என்ன குடிமுழுகிவிட்டது? பி.யு. நன்றாகத்தானே இருக்கிறது? சாப்பாட்டு மேசைக்கு நன்றாகவே இருக்கிறது. சூடான காபி டம்ளரை அரக்குப் பூச்சின் மேல் வைத்தால் வெள்ளை வளையம் விழும், பி.யு. அசையாது. வித்தியாசம் தெரிவது அது பழுதாகும்போது. ஊஞ்சல் பலகையில் குழந்தை கிழித்த கீறலை, அரக்குப் பூச்சாக இருந்தால், அந்த இடத்தில் மட்டும் ஒற்றி மறைத்துவிடலாம். புது அரக்கு பழைய அரக்கைக் கரைத்து அதோடு ஒன்றிவிடும். பி.யு. அப்படி ஒன்றாது. ஒட்டுப் போட்டது ஒட்டாகவே தெரியும். சரியாக வேண்டுமானால் முழுப் பலகையையும் உப்புத்தாள் போட்டுச் சுரண்டி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கடலோரத்தில் இந்த வித்தியாசம் இன்னும் கூடும். சாந்தோமில் கிழக்கு பார்த்த ஜன்னல் ஒன்றின் கீழ்ச் சட்டத்தைக் கவனித்தால் போதும். வெயிலின் புற ஊதாக் கதிர் நிறமற்ற படலத்தை ஊடுருவி, அதன் அடியில் இருக்கும் மரத்தின் மேல்தோலைச் சிதைக்கிறது. பிடிப்பு விட்ட படலம் முதலில் வெளுக்கும், பிறகு சருகாக உரியும். உரிந்த ஓரத்தில் உப்பு ஈரம் புகுந்தால் உள்ளேயே தங்கி மரத்தைக் கறுக்க வைக்கும். மரத்தின் ரேகை தெரிய வேண்டும் என்ற ஆசை வீட்டுக்குள் இருக்கட்டும். கடலைப் பார்த்த வெளிமரத்துக்கு நிறமி கலந்த பெயின்ட்தான் நல்லது, இல்லையென்றால் வருடம் ஒருமுறை எண்ணெய் தேய்க்கப் பொறுமை வேண்டும். ‘எக்ஸ்டீரியர் கிளியர்’ என்று டப்பாவில் அச்சடித்திருப்பதை வைத்துக் கடற்கரைச் சாலையில் பத்து வருடம் எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள்.

எண்ணெய் எங்கே கிடைக்கும்? விடை பெயின்ட் கடையில் இல்லை, செக்கு எண்ணெய்க் கடையில் இருக்கிறது. உடம்புக்கு நல்லது என்று ஆளி விதை எண்ணெய் விற்கிறார்களே, அது மரத்துக்கும் நல்லது. காற்றுப் பட்டு மெல்ல இறுகும் எண்ணெய் அது. தேங்காயெண்ணெய் இறுகவே இறுகாது. தூசியைப் பிடித்துப் பிசுபிசுத்து நாறும். ஹார்டுவேர் கடைகளில் ‘டபுள் பாயில்டு’ என்று விற்கும் ஆளி எண்ணெய் ஓரிரு நாளில் காயும். காய வைப்பதற்காக உலோக உப்புகள் சேர்ந்திருப்பதால் சாப்பாட்டுப் பொருள் படும் பலகைக்கு ஆகாது. செக்கில் ஆட்டியது காய வாரக்கணக்கில் ஆகும், ஆனால் காய்கறிப் பலகைக்குத் தைரியமாகத் தேய்க்கலாம். தேய்த்த துணியை மட்டும் கசக்கி மூலையில் போடாதீர்கள். இறுகும்போது சூடு பிறந்து அந்தத் துணி தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து விரித்துக் காயப்போட வேண்டும். அங்காடியின் புளியங்கட்டைக்கு எந்த எண்ணெயும் வேண்டாம். தினமும் கழுவித் தேய்க்கும் கட்டையில் எதுவும் நிற்காது. வெட்டுவாய் மேலே வரும்படி அறுத்த அந்த மரத்துக்கு நல்ல வெயில் போதும். கட்டுமரத்துக்குச் செய்ததும் அதைத்தானே!

அரக்குக்கு இன்னொரு வழி இருக்கிறது, அதற்கு மதுவிலக்குத் துறையின் தயவு தேவையில்லை. அவலரக்கு ஸ்பிரிட்டில் மட்டுமல்ல, வெண்காரம் கரைத்த வெந்நீரிலும் கரையும். கச்சேரி ரோட்டு நாட்டு மருந்துக் கடையில் வெண்காரம், குங்கிலியம், கொம்பரக்கு எல்லாம் கேட்கலாம். சுத்தம் செய்த அவலரக்குக்குப் பார்க் டவுன் நைனியப்ப நாயக்கன் தெருவின் கெமிக்கல் கடைகளை விசாரிக்க வேண்டும். 100 கிராம் அரக்குக்கு 20-25 கிராம் வெண்காரம், அரை லிட்டருக்குச் சற்றுக் கூடுதலான வெந்நீர். கொதிக்கவிடாமல் சூட்டில் வைத்துக் கிளற வேண்டும். இரும்புச் சட்டி கூடாது, நிறம் கறுத்துவிடும். பழைய காலத்தில் மை தயாரித்த முறையும் கிட்டத்தட்ட இதுவே. ஸ்பிரிட் பாலிஷ் அளவுக்குப் பளபளப்பு வராது, நிறம் கொஞ்சம் அடர்த்தியாக இருக்கும், முதல் பூச்சில் மரத்தின் நார் சிலிர்த்து நிற்கும். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு அடுத்த பூச்சுக்குப் போகலாம். வெண்காரம் வயிற்றுக்குள் போகக் கூடாத சரக்கு, ஆகவே உணவுப் பலகைக்கு இது வேண்டாம். மேலே தேன்மெழுகு. கதர் கடையில் கேட்டுப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் இந்த வேலையைத் தொடாதீர்கள். காற்றின் ஈரம் அரக்கில் ஏறி வெள்ளை பூத்துவிடும்.

வாங்கும்போது தேதி கேளுங்கள். அரக்கு நாள்பட்டால் தனக்குள்ளேயே இறுகிக் கரைய மறுக்கும். ஜார்க்கண்டிலிருந்தும் சத்தீஸ்கரிலிருந்தும் வரும் சரக்கு இது. 1924-இல் ராஞ்சி அருகே நாம்குமில் அரக்குக்கென்றே தொடங்கிய ஆய்வு நிலையம் இன்றும் வேறு பெயரில் இயங்குகிறது. நாட்டில் விளைச்சலுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் சில்லறைக் கடையில்.

இப்படி மருந்துக் கடைக்கும் செக்குக்கும் பார்க் டவுனுக்கும் அலைந்து சேர்ப்பது ஓய்வுபெற்ற, நேரமுள்ள ஒருவருக்குச் சரிப்படும். நாள் கூலிக்கு வேலை செய்யும் ஆசாரிக்குச் சரிப்படாது. அவருக்காக அரசு செய்யக்கூடியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. கள்ளக்குறிச்சிச் சிற்பத்தை வாங்கி விற்கும், அரசின் கைவினைப்பொருள் நிறுவனமான பூம்புகார், அதே சிற்பிகளுக்கும் பொதுமக்களுக்கும் அவலரக்கு, தேன்மெழுகு, ஆளி எண்ணெய் ஆகியவற்றைக் கால் கிலோ, கால் லிட்டர் பொட்டலங்களாக விற்கலாம். இவை எதற்கும் 1959 விதிகளின் உரிமம் வேண்டியதில்லை, ஏனென்றால் இவற்றில் ஸ்பிரிட் இல்லை. ஸ்பிரிட் வேண்டும் என்கிற தொழில்முறைப் பாலிஷ்காரருக்கு, அடையாள அட்டையின் பேரில், கசப்பூட்டி சேர்த்த சிறு பாட்டிலை அதே கடையிலேயே பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கலாம். தெருத்தெருவாகக் கண்காணிப்பதைவிட, அரசு நிறுவனத்தின் ஒரே கவுன்டரில் கண்காணிப்பது மதுவிலக்குத் துறைக்கும் எளிது.

யார் வாங்குவார்கள் என்று பெயின்ட் கடைக்காரர் கேட்டது நியாயமான கேள்வி. அவர் கடைக்கு அது கட்டுப்படியாகாது. மாதம் நாலு பொட்டலம் போகிற சரக்குக்கு டின்டிங் எந்திரத்தின் பக்கத்தில் இடம் கிடைக்காது. அண்ணா சாலை பூம்புகாரில் அதற்கு ஒரு அலமாரித் தட்டு ஒதுக்கினால் போதும், வாடகையும் ஏறாது.