வண்டிச் சூடு பார்க்க ஒரு முள்

சனி, ஞாயிறானா எங்க ஊர் வழியா மலைக்குப் போகிற புல்லட்டுகளைப் பார்க்கிறேன். பெட்டி, கேமரா, கூடுதல் விளக்கு எல்லாம் இருக்கு. ஆயில் சூட்டைக் காட்டும் மீட்டர் மட்டும் இல்லை. உழும்போது டிராக்டரில் நாங்க அடிக்கடி பார்ப்பது சூட்டு முள்ளைத்தான்.

காற்றில் ஆறும் இன்ஜினுக்கு ரேடியேட்டர் கிடையாது. உள்சூட்டை வெளியே கொண்டுவருவதில் ஆயிலுக்குப் பெரிய பங்கு. அதனால மீட்டர் வேணும், அதையும் நீங்களே மாட்டணும் என்பது என் கட்சி.

ஆயில் ஊற்றும் மூடிக்குப் பதிலா திருகுகிற மீட்டர் கிடைக்குது. மரையும் தண்டு நீளமும் உங்க வண்டிக்கு ஒத்து வரணும். நீளம் கூடினா உள்ளே சுற்றுவதில் இடிக்கும். முதலில் தண்டைக் கொதிக்கும் தண்ணீரில் விட்டுப் பாருங்க, 100 டிகிரியை ஒட்டிக் காட்டணும். இன்ஜின் நல்லா ஆறின பிறகு, வாஷர் போட்டு, கையால இறுக்கினா போதும்.

ஓட்டத்தில் 100 பக்கம் நின்னா பயமில்லை. ஆயிலில் சேர்ந்த ஈரமும் ஆவியாகிடும். 130 தாண்டினா நிழல் பார்த்து நிறுத்துங்க.

மெக்கானிக் மாட்டினா மீட்டர் வண்டியில் இருக்கும். நீங்க மாட்டினாத்தான் கண் அதுமேல போகும். உழவு மாடு மூச்சு வாங்கினா நுகத்தடியை இறக்கிடுவோம். வண்டியால மூச்சு வாங்கிக் காட்ட முடியாதே.