வீக்க மாத்திரையும் வலி மாத்திரைதான்

"நீங்க சொன்னதை மறக்கலைங்க டாக்டர். வலி மாத்திரையைத் தொடவே கூடாதுன்னீங்க. நான் தொடலை. இது வீக்கத்துக்குக் குடுத்த மாத்திரைங்க."

ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி இதைச் சொன்ன அம்மா ஒரு ரேஷன் கடை விற்பனையாளர். மூன்று ஆண்டுகளுக்கு முன் 118 கிலோ எடையோடு வந்தவருக்கு இரைப்பை பைபாஸ் செய்திருந்தேன். எடை 76-க்கு இறங்கியது. சர்க்கரை மாத்திரை நின்றது. நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த முழங்கால்கள் மட்டும் பழைய கணக்கை மறக்கவில்லை. அன்றைக்கு அவருடைய ஹீமோகுளோபின் 6. நான்கு நாட்களாக மலம் தார்போலக் கறுத்துப் போயிருந்தது. இரும்புச் சத்து மாத்திரையால் அப்படிப் போகிறது என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டார்.

கைப்பையிலிருந்து ஒரு பழுப்புக் காகித உறையை எடுத்துக் கொடுத்தார். உள்ளே இரண்டிரண்டாக வெட்டிய மாத்திரைகள். மருந்தின் பெயர் அச்சாகியிருந்த பக்கம் கடைக்காரரிடமே தங்கிவிட்டது. இவருக்கு வந்த துண்டில் '...ஃபெனாக்' என்ற கடைசி எழுத்துகள் மட்டும். டைக்ளோஃபெனாக்கா, அசெக்ளோஃபெனாக்கா என்று தெரியவில்லை. எதுவானாலும் ஒரே குடும்பம்தான். எண்டோஸ்கோப்பி செய்து பார்த்தபோது, நான் இரைப்பையையும் குடலையும் இணைத்துத் தைத்த இடத்தில், ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குப் புண். அதன் நடுவே ஒரு ரத்தக் குழாய் கசிந்துகொண்டிருந்தது.

அவர்மீது கோபப்பட எனக்கு வாய் வரவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் நான் எழுதியிருந்தது ஆங்கிலத்தில் ஒரு வரி. வாயால் சொன்னது, 'பெயின் கில்லர் கூடாது'. கடையில் அவர் கேட்டது, 'கால் வீங்கியிருக்கு, ஏதாவது குடுங்க'. நான் தடை செய்த பொருளும் அவர் வாங்கிய பொருளும் ஒன்றே என்று அவருக்கு எப்படித் தெரியும்?

எங்கள் பாடப் புத்தகங்களில் இவற்றுக்கு 'ஸ்டீராய்டு அல்லாத அழற்சி எதிர்ப்பு மருந்துகள்' என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லி யாரும் மாத்திரை வாங்குவதில்லை. வாயுப் பிடிப்பு, பல்லு கடுகடுங்குது, மாசா மாசம் வர்ற வலி, கழுத்து சுளுக்கிக்கிச்சு, 'உடம்பு வலிக்கு ஒரு செட் குடுங்கண்ணே' என்றுதான் கேட்கிறார்கள். செட் என்றால் மூன்று நான்கு மாத்திரைகள், வெள்ளையும் மஞ்சளும் ஆரஞ்சுமாக, பெயரில்லாமல். நோயாளிகள் கொண்டுவந்து காட்டிய செட்டுகளில் பெரும்பாலானவற்றில் இந்தக் குடும்பத்து மாத்திரை ஒன்று இருந்தது. சிலவற்றில் கூடவே ஒரு ஸ்டீராய்டும். இரண்டும் சேர்ந்தால் புண்ணுக்கு இரட்டிப்பு வசதி.

பைபாஸில் என்ன செய்கிறோம் என்று சொன்னால்தான் இந்தப் பயம் புரியும். இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளும் ஒரு சிறு பையை மட்டும் தனியே பிரித்து, சிறுகுடலை மேலே இழுத்து வந்து அதில் இணைக்கிறோம். இரைப்பைக்கு அமிலத்தைத் தாங்கும் சளிப் படலம் உண்டு. சிறுகுடலின் அந்தப் பகுதிக்கு அமிலம் பழக்கமில்லாத விருந்தாளி. இணைத்த இடத்தில், குடலின் பக்கமாகவே பெரும்பாலும் புண் வருகிறது. 1966-இல் அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் இந்த அறுவையைத் தொடங்கிவைத்ததன் பின்னணியே வயிற்றுப்புண்தான்; அல்சருக்காக இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தவர்கள் இளைத்துப்போனதைக் கவனித்துத்தான் அவர் பருமனுக்கு இதை முயன்றார். அல்சர் வைத்தியத்தில் பிறந்த அறுவைக்கு அல்சரே எமனாக வருவதை என்னவென்று சொல்ல!

இந்த மாத்திரைகள் அங்கே போய் என்ன செய்கின்றன என்பதை 1971-இல் ஜான் வேன் கண்டு சொன்னார். பின்னர் நோபல் பரிசும் பெற்றார். உடம்பில் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரப்பதை இவை தடுக்கின்றன. வலியையும் வீக்கத்தையும் உண்டாக்குவது அதுதான். வயிற்றின் உள்சுவருக்குச் சளிப் போர்வை போர்த்தி, ரத்த ஓட்டம் கொடுத்துக் காப்பாற்றுவதும் அதுவேதான். வலியை மட்டும் நிறுத்து, போர்வையை விட்டுவிடு என்று மாத்திரையிடம் சொல்ல முடியாது.

இதிலிருந்து ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கெடுதல், மாத்திரை வயிற்றில் உரசுவதால் மட்டும் வருவதில்லை. ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போய்த்தான் போர்வையை உருவுகிறது. 'மாத்திரைதானே வயித்துக்கு ஆகாது, இடுப்பில் ஒரு ஊசி போட்டுக்கிட்டேன்' என்று வருபவர்கள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு. ஊசியானாலும், ஆசனவாயில் வைக்கும் மருந்தானாலும் கதை ஒன்றுதான். 'சாப்பிட்டுட்டுத்தான் போட்டேன்' என்பதும் காப்பாற்றாது. முப்பது மில்லி பைக்குள் சாப்பிட்டது எவ்வளவு இருந்துவிடப்போகிறது? காலையில் பான்டாப்ரசோல் போட்டுக்கொண்டால் பயமில்லை என்ற நம்பிக்கை கொஞ்சம் படித்தவர்களிடம் இருக்கிறது. அந்த மாத்திரை ஆபத்தைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது. புகை பிடிப்பவர்களுக்கு இந்தக் கணக்கே வேறு. இணைப்பில் புண் வருவதற்கு பீடி, சிகரெட் தனியாகவே போதும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. பிரித்துவிட்ட பெரிய இரைப்பையை நாங்கள் வெளியே எடுப்பதில்லை, உள்ளேயே விட்டுவிடுகிறோம். வாய் வழியாகப் போகும் எண்டோஸ்கோப்பி வழக்கமாக அங்கே எட்டாது. அதற்குள் புண் வந்து ரத்தம் கசிந்தால் கண்டுபிடிக்கவே பெரும்பாடு.

இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துக் குழாய் மாதிரி ஆக்கும் 'ஸ்லீவ்' அறுவை செய்தவர்களுக்கு இந்தக் குடல் இணைப்பு கிடையாது. அவர்களுக்கு, வேறு வழி இல்லாதபோது, அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு சில நாட்கள் கொடுக்கலாம் என்று சொல்லும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும், மருந்துக் கடை கவுன்டரில் முடிவு செய்யக் கூடாது. பைபாஸ் செய்தவர்களுக்கு, மினி பைபாஸ் உட்பட, ஆயுள் முழுக்க வேண்டாம் என்பதே என் கட்சி.

கடை கவுன்டர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் 200 மில்லிகிராம் ஐபுபுரூஃபன் சீட்டில்லாமல் விற்கச் சட்டப்படி அனுமதி உண்டு. நம் நாட்டில் 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின்படி டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், மெஃபனமிக் அமிலம் எல்லாம் 'அட்டவணை எச்' மருந்துகள்; மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதவை. அந்த எச்சரிக்கை அட்டையிலேயே பொடி எழுத்தில் அச்சாகியும் இருக்கிறது. கத்தரிக்கோல் முதலில் விழுவது அதன்மேல்தான்.

அப்படியானால் தலைவலித்தால் என்னதான் செய்வது? பாராசிட்டமால். டோலோ, கால்பால், குரோசின் என்று எந்தப் பெயரில் வாங்கினாலும் உள்ளே அது மட்டும் இருக்க வேண்டும். ஆறு மணி நேர இடைவெளியில் 500 அல்லது 650 மில்லிகிராம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் வரை என்று புத்தகம் சொல்லும். என் நோயாளிகளை 3 கிராமோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறேன். சாப்பாடு சரியாக இறங்காதவர்கள், கல்லீரல் கெட்டவர்கள், குடிப்பவர்கள் அதையும் கேட்டுத்தான் போட வேண்டும். பைபாஸுக்குப் பிறகு மது சட்டென்று ஏறும். பழைய அளவு பழைய அளவாக இருக்காது. முழங்காலுக்குத் தைலம், ஒத்தடம், தொடைத் தசைக்குப் பயிற்சி. வலி நிவாரண ஜெல்லை அளவாகத் தடவிக்கொள்வதை நான் தடுப்பதில்லை. தோல் வழியாக ரத்தத்தில் சேருவது சொற்பம்.

பாராசிட்டமால் என்று கேட்கும்போதும் ஏமாற இடமுண்டு. காம்பிஃபிளாமில் பாராசிட்டமாலோடு ஐபுபுரூஃபன் இருக்கிறது. ஸெரோடால்-பி-யில் 'பி' என்பது பாராசிட்டமால்தான். ஸெரோடால் என்பது அசெக்ளோஃபெனாக். மாதவிடாய் வலிக்குக் கல்லூரி விடுதிகளில் கைமாறும் மெஃப்டால்-ஸ்பாஸில் மெஃபனமிக் அமிலம். வோவிரான், புரூஃபன், நைஸ், கீட்டோரால், டிஸ்பிரின் எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள். ஒரு விதிவிலக்கு: மாரடைப்புக்குப் பிறகோ, ஸ்டென்ட் வைத்த பிறகோ 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு அதை நிறுத்திவிடக் கூடாது. இதய மருத்துவரும் அறுவை செய்தவரும் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் அது.

வலியை அடக்குவதற்கு முன் அது ஏன் வருகிறது என்று கேட்பதும் இந்த நோயாளிகளுக்கு ரொம்ப முக்கியம். பைபாஸ் செய்தவர் 'உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலிக்குது' என்றால் எனக்கு வைட்டமின் டி-யும் கால்சியமும்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். தினமும் போட வேண்டிய சத்து மாத்திரையை ஆறு மாதத்தில் விட்டுவிட்டு, எலும்பு வலிக்கு செட் வாங்கிச் சாப்பிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். வேகமாக எடை குறையும் மாதங்களில் யூரிக் அமிலம் ஏறிக் கால் பெருவிரல் சிவந்து வீங்கும். பித்தப்பையில் கல்லும் சேரும். சாப்பிட்ட பின் வயிற்றில் முறுக்கி முறுக்கி வலித்தால், உள்ளே குடல் ஏதாவது இடுக்கில் நழுவி மாட்டியிருக்கலாம். ஸ்கேனுக்கு ஓட வேண்டிய நேரத்தில் ஊசி போட்டு வலியை அமுக்கினால், குடல் அழுகிய பிறகுதான் எங்களிடம் வருவார்கள்.

மலம் கறுப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரும்புச் சத்து மாத்திரையால் கறுக்கும் மலம் பச்சை கலந்த கறுப்பு, கட்டியாகவே இருக்கும். ரத்தம் கசிந்து கறுப்பது பளபளவென்று தார் மாதிரி ஒட்டும், குடலைப் புரட்டும் நாற்றம் அடிக்கும். கூடவே தலைசுற்றலும் படபடப்பும் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

சிறுநீரகத்தையும் இவை விட்டுவைப்பதில்லை. அறுவை முடிந்த முதல் சில மாதங்களில் ஒரு வாய் ஒரு வாயாகத்தான் தண்ணீர் குடிக்க முடியும். உடம்பு காய்ந்து கிடக்கும். அந்த நேரத்தில் இந்த மாத்திரை போட்டால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் சுருங்கிவிடும். நம் மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 2006-இல் கால்நடை மருத்துவத்தில் அதற்குத் தடை வந்தது. மனிதர்கள் கழுகுகள் இல்லைதான். ஆனாலும் மாட்டு ஆஸ்பத்திரியில் காட்டிய கண்டிப்பில் பாதியாவது மருந்துக் கடையில் காட்டலாம்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள்ளான பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் அதிக எடை அல்லது பருமன் கொண்டவர்கள். இந்த அறுவை இனிக் கூடுமே தவிரக் குறையாது. அறுவை செய்கிற நாங்கள் எடை இறங்கிய புகைப்படத்தைக் காட்டுவதில் காட்டும் அக்கறையை ஒரு தமிழ் அட்டை அச்சடிப்பதில் காட்டியதில்லை. அந்த அம்மாவுக்குப் பிறகுதான் எனக்கே புத்தி வந்தது. இப்போது என் நோயாளிகள் ஆதார் அட்டை அளவில் ஒன்றை வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம், 'எனக்கு இரைப்பை பைபாஸ் ஆகியிருக்கிறது. வலி, வீக்கம், வாயு, பல், மாதவிடாய் எதற்கானாலும் இவற்றைத் தராதீர்கள்' என்று கடைப் பெயர்களோடு. மறுபக்கம், எது தரலாம் என்று. மருந்துக் கடையில் மட்டுமல்ல, பல் மருத்துவரிடமும் எலும்பு மருத்துவரிடமும் உட்கார்ந்தவுடன் அதை மேஜைமேல் வைக்கச் சொல்லியிருக்கிறேன். இளைத்த உடம்பைப் பார்த்து இவருக்கு இப்படியொரு அறுவை நடந்திருக்கும் என்று எந்த மருத்துவருக்கும் தோன்றாது.

அந்த அம்மாவுக்கு ரத்தம் ஏற்றி, குழாயை அடைத்து, மூன்று மாதம் மருந்து கொடுத்ததில் புண் ஆறியது. கடையில் உட்கார்ந்து பில் போட ஒரு ஸ்டூல் வாங்கிக்கொண்டார். முழங்கால் வலி பாதியாகிவிட்டதாம்.

உங்கள் வீட்டில் இந்த அறுவை செய்துகொண்டவர் யாராவது இருந்தால், இன்று இரவு மாத்திரை போட்டுவைக்கும் அந்தப் பழைய பிஸ்கட் டப்பாவைத் தரையில் கொட்டிப் பாருங்கள். பெயர் இல்லாமல் வெட்டிய துண்டு எதுவாக இருந்தாலும் குப்பையில் போடுங்கள். பெயர் இருப்பதைப் படம் எடுத்து உங்கள் மருத்துவருக்கு அனுப்புங்கள்.

- கட்டுரையாளர், உடல் பருமன் மற்றும் இரைப்பை-குடல் அறுவை சிகிச்சை மருத்துவர்.