பழவேற்காடு ஏரி: தடை போட ஆறு ஆபீஸ், படகு விட ஒரு ஆபீஸ் இல்லை!

எண்ணூர், திருவொற்றியூர்வாசிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் பழவேற்காடு ஞாபகம் வரும். பொன்னேரி வரை மின்சார ரெயில், அங்கிருந்து பஸ். டச்சுக்காரர் கல்லறை, கலங்கரை விளக்கம், ஒரு தட்டு நண்டு வறுவல். எல்லாம் முடிந்ததும் குழந்தை கேட்கும்: "அப்பா, படகுல போலாமா?"

வம்பே அந்தக் கேள்வியில்தான்.

2011-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினம். சுற்றிப்பார்க்க வந்த உறவினர் கூட்டம் ஒன்று மீன்பிடிப் படகில் ஏறியது. படகு கவிழ்ந்தது. 22 பேர் பலி! உயிர் காக்கும் மிதவைச் சட்டை யாரிடமும் இல்லை.

உடனே சுற்றுலாப் படகுக்குத் தடை வந்தது. ஆனால் தடைக்குப் பிறகும் சவாரி நடப்பதாகப் புகார்கள் வந்தபடியே இருந்தன. இதில் ஒரு விபரீதம் பாருங்கள். சட்டப்படி இல்லாத படகை யார் சோதனை போடுவது? டிக்கெட் இல்லை, ஆள் கணக்கு இல்லை, மிதவைச் சட்டையும் இல்லை.

தெற்கே முட்டுக்காடு இருக்கிறது. 1984-ல் தொடங்கிய படகுத்துறை. நடத்துவது தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம். அங்கே ஏதாவது நடந்தால் யார் சட்டையைப் பிடிப்பது என்று ஜனங்களுக்குத் தெரியும்.

பழவேற்காட்டில் யார்?

தண்ணீர், பறவைகள் சரணாலயம்; ஆகவே வனத்துறை. வலையும் படகும் மீன்வளத்துறை. ஆரணி ஆற்று வெள்ளம் நீர்வளத்துறை. கரையில் குப்பை அள்ள ஊராட்சி. உத்தரவு போட கலெக்டர், லத்தியோடு நிற்க போலீஸ். இது நம் பக்கத்துக் கணக்கு மட்டும்!

ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் கிடக்கிறது. 1976-ல் அவர்கள் ஒரு சரணாலயம் அறிவித்தார்கள். 1980-ல் நாம் ஒன்று அறிவித்தோம். பூநாரைக்கு எல்லைக்கோடு தெரியுமா? மீனுக்குத்தான் தெரியுமா? மீனவர்களுக்கு மட்டும் தெரிய வேண்டுமாம். எல்லை தாண்டி வலை போட்டதாக நடுத் தண்ணீரில் தகராறு நடக்கும். அப்போதுதான் இரு மாநில அதிகாரிகளும் உட்கார்ந்து பேசுவார்கள்.

அதே ஏரியின் வடக்கே ஆந்திர அரசு ஃபிளமிங்கோ திருவிழா நடத்துகிறது. 2025 ஜனவரி விழாவில் தடா பக்கம் பீமுனிவாரிபாளையத்தில் படகுச் சவாரியும் உண்டு. ஒரே தண்ணீர், அங்கே திருவிழா, இங்கே தடை!

படகை விடுங்கள், முகத்துவாரத்துக்கு வருவோம். ஏரி கடலோடு சேரும் முக்கியமான வாசல் நம் பக்கம் இருக்கிறது. மணல் மூடினால் கடல் தண்ணீர் உள்ளே வராது. இறால் குறையும், படகு தரை தட்டும். அடைப்பது நம் ஊரில். வலை காலியாவது இரண்டு மாநிலத்திலும். சுமார் 27 கோடி ரூபாயில் தூண்டில் வளைவு கட்ட தமிழக மீன்வளத்துறை திட்டம் போட்டது. சரணாலயமாச்சே! தேசிய வன உயிரின வாரியம் வரை ஃபைல் போக வேண்டியதாயிற்று.

ஒடிசாவின் சில்கா ஏரியும் இப்படி மணல் மூடித் தவித்ததுதான். 1990-களின் தொடக்கத்தில் ஏரிக்கென்றே ஒரு தனி ஆணையம் வைத்தார்கள். 2000-ல் புது முகத்துவாரம் வெட்டினார்கள், மீன்பாடு கூடியது. ஆனால் சில்கா முழுக்க ஒரே மாநிலம். இங்கே சென்னையும் அமராவதியும் ஒரே மேஜையில் உட்கார்ந்தாக வேண்டும்.

பங்கு போடத் தெரியாத ஊரா இது? பழவேற்காட்டு மீனவர்களிடம் 'பாடு' என்று ஒரு ஏற்பாடு உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்க்காரர்கள் இன்று இந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். எல்லோருக்கும் அதில் இடம் கிடையாது. அதனால் சண்டையும் வந்ததுண்டு. ஆனால் இன்று யார் முறை என்று கேட்டால் பதில் இருக்கும்.

ஆபீஸ்களில் அந்தப் பதில்தான் கிடைப்பதில்லை.

இரண்டு அரசும் சேர்ந்த கமிட்டி வர நாளாகலாம். நம் பக்கத்துப் படகுக்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. படகுக்கு நம்பர், இத்தனை பேர்தான் என்று கணக்கு, ஆளுக்கொரு மிதவைச் சட்டை, ஓட்டுகிறவருக்கு லைசென்ஸ். உள்ளூர் மீனவருக்கும் நாலு காசு கிடைக்கும். காணும் பொங்கல் கூட்டம் கரையில் வந்து நிற்பதற்குள், அந்த லைசென்சில் கையெழுத்துப் போடப் போவது எந்த ஆபீஸ்?