கூவம் என்பது ஓர் ஊர்



கூவம் என்றதும் சென்னைக்காரர்களின் கை தானாக மூக்குக்குப் போகும். திருவள்ளூர் மாவட்டத்தில் பேரம்பாக்கம் பக்கம் போய் அதே பெயரைச் சொல்லுங்கள். ஊருக்கு வழி காட்டுவார்கள். சம்பந்தர் பாடிய திருவிற்கோலம் அந்தக் கூவத்தில்தான் இருக்கிறது. நம்முடைய ஊர்ப்பெயரைக் கேட்டு யாராவது முகம் சுளித்தால் நமக்கு எப்படியிருக்கும்?

கேசவரம் அணைக்கட்டில் கொசஸ்தலையாற்றை விட்டுப் பிரியும் தண்ணீர், வழியிலுள்ள ஏரிகளின் உபரியையும் சேர்த்துக்கொண்டு நேப்பியர் பாலத்தடியில் கடலுக்குப் போகிறது. மேட்டிலிருக்கும் ஊரின் பெயரும் கூடவே இறங்கி வந்துவிட்டது. கோட்டையில் இருந்த ஆங்கிலேயரோ இந்தக் கூவம் ஆற்றைத் திருவல்லிக்கேணி ஆறு என்றும் எழுதிவைத்தார்கள். கடைசி ஓரிரு மைல்களை மட்டும் பார்த்தவர்களுக்கு வேறென்ன பெயர் தோன்றும்!

அடையாறு தான் கடலில் கலக்கும் பகுதிக்கே பெயரைக் கொடுத்த ஆறு. ஆனால் அதற்குத் தண்ணீர் கொடுக்கும் ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளை நகரத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? 2015 டிசம்பரில், செம்பரம்பாக்கத்தில் திறந்த நீரும் ஏரிகளின் உபரியும் ஒன்றாக வீட்டுக்குள் வந்தபோதுதான், எங்கோ பெய்யும் மழையும் நம் மழைதான் என்று பலருக்கும் உறைத்தது.

வெட்டிய கால்வாய்களின் கதை வேறு. அவற்றுக்கு மனிதர் பெயர். 1806இல் எண்ணூர்ப் பக்கம் தொடங்கியது காக்ரேன் கால்வாய். தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு வந்த ஏழைகள் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே ஓர் இணைப்பைத் தோண்டினார்கள். 1878இல் மொத்தக் கால்வாய்க்கும் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் வந்தது. மண் சுமந்தவர்கள் பெயரை யார் எழுதிவைத்தார்கள்? ஓட்டேரி ஓடைக்கு வாய்த்தது இந்துஸ்தானி 'நாலா'. அது நம் வாயில் 'நல்லா' ஆனது. இன்று அதில் ஓடுவதைப் பார்த்தவர்கள் சிரிக்காமல் இருக்க முடியாது.

மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920களில் தியாகராய நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, லேக் இல்லை. நுங்கம்பாக்கத்து டேங்க் பண்ட் ரோடுக்கும் அதே கதிதான்.

ஆறுகளுக்காவது வரைபடத்தில் இடமுண்டு. வரத்துக்கால், மறுகால், கலிங்கோரத்து ஓடை இவற்றின் பெயர்கள் பெரும்பாலும் ஊர்ப் பெரியவர்களின் பேச்சில்தான் இருக்கின்றன. உங்கள் ஊர் ஓடைக்கு என்ன பெயர்? எந்த ஏரியில் நிரம்பி, யார் வயலைத் தாண்டி, எதில் போய்ச் சேருகிறது? ஒரே ஓடைக்கு மேலூரில் ஒரு பெயர், கீழூரில் ஒரு பெயர் என்றால் இரண்டையும் எழுதுங்கள். கையால் வரைந்த படம் இருந்தால் இன்னும் நல்லது. கோடு கோணலாக இருந்தாலும் அப்படியே அச்சிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்