எம்.டிஎச். பட்டத்துக்கு இணைத்தன்மை ஆணை வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்: செயலாளர், இறையியல் முதுநிலைப் பட்டதாரிகள் சங்கம்.

பெறுநர்: துணைவேந்தர் அவர்கள் மற்றும் ஆட்சிக்குழு உறுப்பினர்கள்.

பொருள்: சமயவியல் துறை முனைவர் பட்டச் சேர்க்கை – செராம்பூர் எம்.டிஎச். பட்டதாரிகளை அனுமதித்தல் – தொடர்பாக.

பார்வை: எங்களது முந்தைய நான்கு கடிதங்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

செராம்பூர் கல்லூரியின் செனட் பட்டம் வழங்கும் இறையியல் கல்லூரிகளில் பி.டி. (இறையியல் இளநிலை), எம்.டிஎச். (இறையியல் முதுநிலை) முடித்தவர்களும் படிப்பவர்களும் சேர்ந்தது எங்கள் சங்கம்.

இதே பொருளில் இது ஐந்தாவது மனு. முதல் கடிதத்துக்கு ஒப்புகை அட்டை மட்டும் திரும்பி வந்தது. இரண்டாவதை நேரில் கொடுத்து முத்திரை வாங்கினோம். மூன்றாவதற்கு ‘பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரு வரி வந்தது. நான்காவது எந்தப் பிரிவில் இருக்கிறது என்றே தெரியவில்லை. ஆகவே அவற்றில் எழுதியதையே மறுபடி எழுதுகிறோம். இந்த முறையாவது முழுவதும் படிக்க வேண்டுகிறோம். எங்கள் கோரிக்கைகள்:

1. சமயவியல் துறையில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும் எம்.டிஎச். பட்டதாரிகளிடம் இணைத்தன்மைச் சான்று கேட்கிறார்கள். அதை வழங்க வேண்டியதும் இதே பல்கலைக்கழகம்தான். சான்று கேட்டு எழுதினால், பட்டம் வழங்கிய செராம்பூரின் பெயர் தங்கள் பட்டியலில் இல்லை என்கிறார்கள்.

கடந்த சேர்க்கையின்போது எங்கள் உறுப்பினர் ஒருவருடன் நானும் வந்திருந்தேன். எபிரேயமும் கிரேக்கமும் கற்றவர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பாடல்களை ஆராய விரும்புபவர். அவருடைய பட்டச் சான்றிதழை வாங்கிய எழுத்தர், அச்சிட்ட பட்டியலில் விரல் வைத்து மேலிருந்து கீழாக இரண்டு தடவை தேடினார். பெயர் இல்லை. விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் ‘தகுதியில்லை’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். எழுத்தர்மேல் எங்களுக்குக் குறையில்லை. அவரிடம் கொடுக்கப்பட்ட பட்டியல் அது. பி.டி.க்குப் பிறகு இரண்டாண்டு எம்.டிஎச். படித்து ஆய்வேடும் எழுதிய அவர், இப்போது தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. தத்துவத்துக்குப் பணம் கட்டி, மறுபடி முதலாமாண்டு மாணவராகியிருக்கிறார். ஊழியத்தில் கிடைக்கும் சொற்பச் சம்பளத்தில் கட்டிய பணம் அது.

பட்டியல் சட்டத்துக்குக் கீழ்ப்பட்டது. 1956-ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, மத்திய, மாகாண அல்லது மாநிலச் சட்டத்தின்படி நிறுவப்பட்ட பல்கலைக்கழகம் பட்டம் வழங்கலாம் என்கிறது. ‘மாகாண’ என்ற அந்தச் சொல்லைத் தயவுசெய்து கவனியுங்கள். நான்கு கடிதங்களிலும் அதை அடிக்கோடிட்டே அனுப்பினோம். செராம்பூர் கல்லூரியைக் கேரி, மார்ஷ்மன், வார்டு மூவரும் 1818-இல் தொடங்கினர். அவ்வூர் அப்போது, நம் தரங்கம்பாடியைப் போலவே, டென்மார்க்கின் ஆட்சியில் இருந்தது. பட்டம் வழங்கும் உரிமையை டென்மார்க் அரசர் ஆறாம் பிரெடரிக் 1827-இல் சாசனமாகக் கொடுத்தார். 1845-இல் இரண்டு ஊர்களையும் ஆங்கிலேயருக்கு விற்றபோது, கல்லூரியின் சாசன உரிமைகளை ஒப்பந்தத்திலேயே காப்பாற்றினார்கள். பிறகு வங்காளத்தில் செராம்பூர் கல்லூரிச் சட்டம் வந்தது. 1918-ஆம் ஆண்டின் 4-ஆம் வங்காளச் சட்டம். செராம்பூர் செனட் இன்றும் அதன்படியே பட்டம் வழங்குகிறது. வங்காள மாகாணம் இயற்றியது மாகாணச் சட்டம் இல்லையென்றால் வேறு எது?

இதே துறையில் எம்.டிஎச். பட்டத்தோடு சேர்ந்து முனைவரானவர்கள் எங்கள் சங்கத்திலேயே இருக்கிறார்கள். அவர்களுடைய சேர்க்கை ஆணைகளின் நகல்களை இணைத்துள்ளோம். இடையில் எந்த ஆணையால் இது மாறியது? எண்ணும் தேதியும் தாருங்கள் என்று மூன்று கடிதங்களில் கேட்டோம். அப்படி ஓர் ஆணை இருந்திருந்தால் இதற்குள் காட்டியிருப்பீர்கள்.

ஆகவே, ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சான்று கேட்பதை விடுத்து, செராம்பூர் எம்.டிஎச். பட்டம் சமயவியல் முதுகலைக்கு இணையானது என ஆட்சிக்குழு பொது ஆணை பிறப்பிக்க வேண்டும். அடுத்த சேர்க்கை அறிவிப்புக்கு முன்பே அது வெளியாக வேண்டும். நிராகரித்த விண்ணப்பங்களைக் கட்டணமின்றி மறுபடி பரிசீலிக்க வேண்டும்.

2. தேசியத் தகுதித் தேர்வில் சமய ஒப்பாய்வுப் பாடத்தில் தேறியவர்களையும் உதவிப் பேராசிரியர் பணிக்கு ஏற்க வேண்டும்.

3. சமயவியல் ஆய்வேடுகளைத் தமிழில் அளிக்க அனுமதிக்க வேண்டும்.

4. இறையியல் கல்லூரி மாணவர்களுக்கு நூலகத்தில் பார்வையாளர் அட்டை வழங்க வேண்டும்.

இம்மனு கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். முதல் கோரிக்கை குறித்து நேரில் விளக்க, மூலச் சான்றிதழ்களுடன் தாங்கள் குறிக்கும் நாளில் வருகிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்

இணைப்பு: முந்தைய கடிதங்களின் நகல்கள், 1918-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நகல், முன்னாள் ஆய்வாளர்களின் சேர்க்கை ஆணைகள்.