விளையும் பயிரும் வேகமானியும்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று சொல்லிவைத்த நம் முன்னோருக்கு அமெரிக்க மைனர் லீக் பேஸ்பாலைப் பற்றித் தெரிந்திருக்க நியாயமில்லை. அங்கே பந்தெறியும் பதினெட்டு, பத்தொன்பது வயது இளைஞர்களைப் பார்த்திருந்தால் அந்தப் பழமொழியைச் சற்றுத் தயங்கியே சொல்லியிருப்பார்கள். முளையிலேயே எல்லாம் தெரிந்துவிடும் என்று நம்பிக் கோடிகளைக் கொட்டுபவர்கள் அங்கே இருக்கிறார்கள். முளையைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தே பயிரை அழிப்பவர்களும் அவர்களே. இக்கட்டுரை அவர்களைப் பற்றியது. அவர்களை அறிவியலின் தூதர்களாகக் கொண்டாடும் நம் நண்பர்களைப் பற்றியதும்தான்.

மைக்கேல் லூயிஸின் 'மணிபால்' 2003-இல் வெளியானது. 2011-இல் திரைப்படமாகவும் வந்தது. பேஸ்பாலில் ஓர் அணிக்கு எத்தனை பேர் என்று அறியாத இலக்கிய வாசகர்கள்கூட அதை மேற்கோள் காட்டுவதுண்டு. அவர்கள் சொல்லும் கதை எளிமையானது. புகையிலை மென்றுகொண்டு, பையனின் தோள் அகலத்தையும் முகவெட்டையும் பார்த்து எதிர்காலத்தைக் கணித்த கிழட்டு ஸ்கவுட்கள் ஒருபுறம். கணினியும் புள்ளிவிவரமுமாக வந்த புதியவர்கள் மறுபுறம். இருள் தோற்றது, ஒளி வென்றது. மட்டை பிடிப்பவர்களைப் பொறுத்தவரை இதில் பாதி உண்மை உண்டு. பந்தெறிபவர்களான பிட்சர்களைப் பொறுத்தவரை இது கட்டுக்கதை. 2002-இல் ஓக்லண்ட் அணி 103 ஆட்டங்களை வென்றதற்கு டிம் ஹட்சன், மார்க் மல்டர், பாரி ஸீட்டோ என்ற மூன்று பிட்சர்கள் பெருங்காரணம். நூல் அந்த மூவருக்கு ஒதுக்கியிருக்கும் இடமோ மிகச் சொற்பம். கதாநாயகன் வேறொருவன் என்று முடிவான பின் இவர்களை எங்கே நிறுத்துவது என்ற சங்கடம் ஆசிரியருக்கு இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கிரிக்கெட்டில் பழகிய வாசகர்களுக்காகச் சில வார்த்தைகள். மேஜர் லீக் எனப்படும் உச்ச நிலையில் 30 அணிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஏணிப்படிகளைப் போல நான்கு மைனர் லீக் அணிகள். சிற்றூர்களின் நாற்பது அணிகளைக் கழித்துக்கட்டிய பிறகு 2021-இல் எஞ்சியவை 120. பள்ளியிலிருந்தோ கல்லூரியிலிருந்தோ வரும் இளைஞன் இப்படிகளில் ஆண்டுக்கணக்கில் ஏறவேண்டும். பெரும்பாலோர் உச்சியை எட்டுவதே இல்லை. அவனை மதிப்பிட ஸ்கவுட்களிடம் 20 முதல் 80 வரையிலான ஓர் அளவுகோல் உண்டு. 50 என்றால் மேஜர் லீக் சராசரி. வேகப்பந்துக்கு ஒரு மதிப்பெண், வளைபந்துக்கு ஒன்று, வேகத்தைக் குறைத்து ஏமாற்றும் பந்துக்கு ஒன்று, கட்டுப்பாட்டுக்கு ஒன்று. ஆட்டம் கைநழுவும்போது அவன் என்ன செய்வான் என்பதற்கு அறிக்கையின் அடியில் ஓரிரு வரிகள் கிடைத்தால் உண்டு.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கிரிக்கெட்டில் முழங்கையை மடக்கி எறிவது குற்றம். பேஸ்பாலில் அதுதான் கலையே. மடங்கிய முழங்கை சாட்டையைப் போல விரியும் அந்தக் கணத்தில், அதன் உட்புறத்தில் இரு எலும்புகளைப் பிணைத்திருக்கும் சிறிய நார் ஒன்று பாரத்தில் பெரும்பங்கைத் தாங்குகிறது. தசையைப் பயிற்சியால் பெருக்கலாம். அந்த நாரை அதே அளவுக்கு வலுப்படுத்த வழியில்லை. தோளும் தொடையும் பெருத்து வேகம் கூடக்கூட, அந்தச் சுமையில் பெரும்பங்கு வளராத அந்த ஒரு நாரின்மீது வந்து விழுகிறது.

1974-ஆம் ஆண்டு இந்த விளையாட்டுக்கு இரண்டு பரிசுகளைத் தந்தது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் டேனி லிட்வைலர், வேகமாக வண்டியோட்டுபவர்களைப் பிடிக்க வளாகக் காவலர்கள் வைத்திருந்த ரேடார் கருவியைப் பற்றி அறிந்து, அதனால் பந்தின் வேகத்தை அளக்கமுடியுமா என்று யோசித்தார். பின்னாளில் ஒவ்வொரு ஸ்கவுட்டின் கையிலும் இருந்த வேகமானி அப்படித்தான் பிறந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 25 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் டாக்டர் ஃப்ராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்சரின் இடது முழங்கையில் சிதைந்துபோன நாருக்குப் பதிலாக அவருடைய வலது முன்கையிலிருந்து எடுத்த நாணைப் பொருத்தினார். ஜான் மீண்டுவந்து 1989 வரை ஆடினார். அவருடைய 288 வெற்றிகளில் 164 அறுவைக்குப் பின் பெற்றவை. அந்த அறுவைச் சிகிச்சைக்கு இன்றும் அவர் பெயர்தான். நோயைப் பரப்பும் கருவியும் நோய்க்கான மருந்தும் ஒரே ஆண்டில் வந்துசேர்ந்தன. மருந்து கைவசம் இருக்கிறதென்ற துணிச்சலில் நோயை வளர்த்தார்கள் என்பதே பிந்தைய ஐம்பது ஆண்டுகளின் வரலாறு.

ஏனெனில், புதியவர்கள் வந்து பழைய ஸ்கவுட்களின் மூடநம்பிக்கையை ஒழித்தார்கள் என்பது பிட்சர்கள் விஷயத்தில் நடக்கவே இல்லை. பழைய ஸ்கவுட்டின் பெரும் பாவம் வேகத்தை வணங்கியது. புதியவர்கள் அந்தத் தெய்வத்துக்குத் தசம பின்னம் வரை துல்லியமான பூஜை முறைகளை வகுத்துக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். ட்ராக்மேன், ராப்சோடோ போன்ற கருவிகள் பந்தின் வேகத்தோடு, அது நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது, எத்தனை அங்குலம் விலகுகிறது என்பதையும் சொல்கின்றன. அவற்றைக் கூட்டிப் பெருக்கி, மட்டையாளன் எதிரில் நிற்காமலேயே பந்தின் 'தரம்' கணிக்கப்படுகிறது. விளைவு என்ன? மேஜர் லீக்கில் வேகப்பந்தின் சராசரி வேகம் 2008-இல் மணிக்கு 91.3 மைல், 2024-இல் 94.2 மைல். மேஜர், மைனர் லீக்குகள் இரண்டிலுமாக 2010-இல் 104 பிட்சர்களுக்கு டாமி ஜான் அறுவை நடந்தது. 2024-இல் 281 பேருக்கு. இவை லீக் நிர்வாகமே 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையின் எண்கள். வேகத்தைத் துரத்துவதும், பந்தின் சுழற்சியையும் விலகலையும் கூட்டப் பாடுபடுவதும், ஒவ்வொரு பந்தையும் முழு வலிமையோடு எறிவதும்தான் காரணங்கள் என்று அந்த அறிக்கையே கூறுகிறது. தீ வைத்தவனே புகையைப் பற்றி எழுதிய அறிக்கை என்றாலும், நல்ல அறிக்கை.

வேகம் பயனற்றது என்று நான் வாதிடவில்லை. 97 மைல் பந்தை அடிப்பது 90 மைல் பந்தை அடிப்பதைவிடக் கடினம். இதை மறுப்பவர் ஆட்டத்தை அறியாதவர். சிக்கலே அதில்தான். வேகம் உண்மையிலேயே பயன் தருவதால், அதைத் தவிர வேறெதையும் பார்க்காமலிருக்க ஒரு சாக்கு கிடைத்துவிடுகிறது.

ஸ்டீவ் டால்கோவ்ஸ்கியின் வாழ்வு இங்கே நினைவுகூரத்தக்கது. 1957-இல் பால்டிமோர் நிர்வாகம் அவரை ஒப்பந்தம் செய்தது. அவரைப்போல வேகமாக எறிந்தவர் யாருமில்லை என்று நேரில் பார்த்த பலர் சாகும்வரை சொன்னார்கள். 1960-இல் ஸ்டாக்டன் நகர அணிக்காக 170 இன்னிங்ஸ் எறிந்து 262 பேரை வீழ்த்தினார். அதே 262 பேருக்குக் குறிதவறிய பந்துகளால் இலவசமாக முதல் தளத்தையும் வழங்கினார். வேகத்தில் மயங்கிய நிர்வாகம் ஆண்டுதோறும் அவரை ஊர் ஊராக அனுப்பியது. 1962-இல் எல்மைராவில் அவருக்கு வாய்த்த மேலாளர் ஏர்ல் வீவர் ஒருவர்தான் அந்த மனிதரைப் பார்த்தார். இரண்டே வகைப் பந்துகளை எறி, வேகப்பந்தை நடுவில் குறிபார், போதும் என்றார். 160 இன்னிங்ஸில் இலவசத் தளங்கள் 114-ஆகக் குறைந்தன. அடுத்த ஆண்டு வசந்தகாலப் பயிற்சியில் முழங்கை போயிற்று. மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட எறியாமல், பண்ணைக் கூலியாகவும் குடியடிமையாகவும் பல்லாண்டுகள் அலைந்து, 2020-இல் மறைந்தார். தினமும் அருகிலிருந்து பார்த்த ஒருவர் ஓராண்டில் கண்டுகொண்டதை, வேகத்தைக் கண்டு வியந்தவர்கள் ஐந்தாண்டுகளாகக் காணவில்லை.

மறுபுறம் பாருங்கள். கிரெக் மேடக்ஸ் 1984-இல் இரண்டாம் சுற்றில், 31-ஆவதாகத் தேர்வானவர்; ஒல்லியான உருவம்தான் அவருக்கு எதிராகப் பேசியது. பின்னர் 355 வெற்றிகள், 1992 முதல் 1995 வரை தொடர்ந்து நான்கு சை யங் விருதுகள். பெட்ரோ மார்ட்டினெஸின் சிறிய உடல் நீண்டகாலம் தாங்காதென்று அஞ்சி டாட்ஜர்ஸ் அணி 1993-இல் அவரைக் கைமாற்றிவிட்டது. அவர் மூன்று முறை அதே விருதை வென்றார். மார்க் பியூர்லி 1998-இல் 38-ஆவது சுற்றில் எடுக்கப்பட்டவர். வேகம் குறைவு, ஆனால் தொடர்ந்து பதினான்கு பருவங்கள் ஆண்டுக்கு 200 இன்னிங்ஸுக்குக் குறையாமல் எறிந்தார். இன்று பியூர்லிகளுக்கு அந்தக் கதவே இல்லை. 2021 முதல் தேர்வு 20 சுற்றுகளோடு முடிந்துவிடுகிறது. விதிவிலக்குகளைக் கொண்டு வாதிடுகிறேன் என்பார்கள். விதியே விதிவிலக்குகளைக் கொல்லும்படி வகுக்கப்பட்டிருக்கும்போது வேறெதைக் கொண்டு வாதிடுவது?

புள்ளிவிவர அன்பர்களிடையே புகழ்பெற்ற ஒரு வாசகம் உண்டு. கேரி ஹக்கபே சொன்னது. எதிர்கால நம்பிக்கைக்குரிய பிட்சர் என்று ஒருவன் கிடையவே கிடையாது என்பது அதன் பொருள். காயமும் தேய்மானமும் யாரை எப்போது தாக்கும் என்று கணிக்கமுடியாது என்ற அடக்கத்தில் பிறந்த சொல் அது. நிர்வாகிகளின் கையில் அது வேறொன்றாக மாறிவிட்டது: எவன் தேறுவான் என்று தெரியாதாகையால், நூறு பேரை வாங்கு, அனைவரையும் முழு விசையில் எறியவிடு, உடையாதவனை வைத்துக்கொள். சந்தையில் பங்குகளை வாங்கிக் குவிப்பவனின் தர்க்கம் இது. பங்குப் பத்திரத்துக்கு முழங்கை இல்லை என்பது ஒன்றுதான் வேறுபாடு.

பிரேடி ஐக்கனின் கதையை விரிவாகச் சொல்லவேண்டும். கலிஃபோர்னியாவின் பள்ளி மாணவர். 2014-இல் நாட்டிலேயே முதலாவதாக ஹூஸ்டன் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. 65 லட்சம் டாலர் என்று பேச்சு முடிந்ததாகச் செய்திகள் வந்தன. பிறகு மருத்துவப் பரிசோதனை. முழங்கையின் அந்த நார் இயல்பைவிடச் சிறியதாக இருக்கிறதென்று கருதிய நிர்வாகம் தொகையைக் குறைத்தது. அப்போது பையனுக்கு வலி ஏதும் இல்லை. குடும்பம் மறுத்தது, கெடு முடிந்தது, ஒப்பந்தம் நிகழவில்லை. மறு ஆண்டு மார்ச்சில், ஓர் ஆட்டத்தில் பதின்மூன்று பந்துகளை எறிந்தபின் களத்தை விட்டு வெளியேறினார். டாமி ஜான் அறுவை நடந்தது. கிளீவ்லண்ட் அணி 2015-இல் அவரை எடுத்தது. மேஜர் லீக்கை அவர் எட்டவில்லை.

நிர்வாகம் சரியாகத்தான் கணித்தது என்று இக்கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக முடிப்பார்கள். ஆம், சரியாகக் கணித்தது. ஒப்பந்தமாகாத தேர்வுக்கு ஈடாக 2015-இல் இரண்டாவது இடம் அந்த அணிக்குக் கிடைத்தது. அதில் அலெக்ஸ் பிரெக்மனை எடுத்தது. அவரோடு 2017-இல் உலகத் தொடரையும் வென்றது. ஒரு முழங்கை போனதில் அந்த நிறுவனத்துக்கு எந்த நட்டமும் இல்லை. என் ஆட்சேபம் இங்கேதான். கணிப்பு தவறினால் தண்டனை பையனுக்கு. கணிப்பு சரியானாலும் தண்டனை பையனுக்கு.

இந்த வழிபாட்டின் கலப்படமற்ற வடிவத்தை இந்தியாவிலேயே நடத்திக் காட்டினார்கள். 2008-இல் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற தொலைக்காட்சிப் போட்டிக்கு வந்த முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரில், பேஸ்பாலைக் கண்டிராத உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறி வீரர்கள் இருவரை வேகமானி தேர்ந்தெடுத்தது: ரிங்கு சிங், தினேஷ் படேல். (கிரிக்கெட் ரிங்கு சிங் வேறு.) அதே ஆண்டு பிட்ஸ்பர்க் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. படேலை 2010-இல் விடுவித்தார்கள். சிங் கீழ்ப்படிகளிலேயே சில ஆண்டுகள் நின்று, முழங்கை அறுவைக்கு ஆளாகி, பின்னர் மல்யுத்தக் காட்சிகளுக்குச் சென்றார். 2014-இல் டிஸ்னி இதைக் கண்ணீரும் வெற்றியுமாகப் படமெடுத்தது. அறுவை நடந்த முழங்கைக்கு அப்படத்தில் இடமில்லை.

அறுவை செய்துகொண்டால் மீண்டுவிடலாமே என்பார்கள். ஜேகப் டிக்ராம் மீண்டார். 2010-இல் ஒன்பதாம் சுற்றில் தேர்வாகி, அதே ஆண்டு அறுவைக்கு உள்ளாகி, இரண்டு சை யங் விருதுகள் பெற்றார். மீண்டவர்களின் பெயர் நமக்குத் தெரியும் என்பதே இந்த வாதத்தின் முழு பலமும். இளைஞர்கள் விரும்பித்தானே வருகிறார்கள் என்பது அடுத்த வாதம். 2020 வரை மைனர் லீக்கின் கீழ்நிலைகளில் வாரச் சம்பளம் 290 டாலர். அதுவும் ஆட்டங்கள் நடக்கும் மாதங்களுக்கு மட்டும். 2018-இல் நிர்வாகத்தினர் நாடாளுமன்றம் வரை சென்று, குறைந்தபட்ச ஊதியச் சட்டம் தங்களைக் கட்டாதபடி திருத்தம் வாங்கிவந்தார்கள். ஆட்டக்காரர்கள் 2022-இல் சங்கம் அமைத்த பிறகுதான், 2023-இல் கீழ்நிலை ஊதியம் ஆண்டுக்கு 11,000 டாலரிலிருந்து 26,200 ஆயிற்று. இத்தகைய இடத்தில், கூடுதலாக இரண்டு மைல் வேகம் என்பது அடுத்த படிக்கான ஒரே சீட்டாக இருக்கும்போது, விருப்பம் என்ற சொல்லை எச்சரிக்கையோடு கையாளவேண்டும்.

சிறுவர்கள் எத்தனை பந்துகளுக்கு மேல் எறியலாகாது என்று 2014-இல் 'பிட்ச் ஸ்மார்ட்' என்ற வழிகாட்டியை வெளியிட்டதும் இதே லீக் நிர்வாகம்தான். ஆண்டுக்கு 100 இன்னிங்ஸுக்கு மேல் எறியும் சிறுவர்களுக்குக் கடுங்காயம் ஏற்படும் வாய்ப்பு மூன்றரை மடங்கு என்று க்ளென் ஃப்ளைசிக் குழுவினரின் ஆய்வு 2011-இலேயே கூறியிருந்தது. ஒரு கையால் எச்சரிக்கையை நீட்டிவிட்டு, மறு கையால் அதிக வேகத்துக்கு அதிகப் பணத்தை நீட்டினால், பதினைந்து வயதுப் பையனும் அவன் தகப்பனும் எந்தக் கையைப் பார்ப்பார்கள்?

ஒவ்வோர் ஆண்டும் நூறு இளம் ஆட்டக்காரர்களைத் தரவரிசைப்படுத்தும் பட்டியல்கள் பல வருகின்றன. நம் நண்பர்களும் ஆர்வத்தோடு பகிர்கிறார்கள். எனக்கு வேண்டியது வேறொரு பட்டியல். ஒவ்வோர் அணியும் கடந்த பத்தாண்டுகளில் எத்தனை பிட்சர்களை ஒப்பந்தம் செய்தது, அவர்களில் எத்தனை பேருக்கு முழங்கையிலோ தோளிலோ கத்தி வைக்கப்பட்டது, அவர்களில் எத்தனை பேர் இரண்டாண்டுகளுக்குள் விடுவிக்கப்பட்டார்கள் என்று அணிகளையே 20 முதல் 80 வரை மதிப்பிடும் பட்டியல். பந்தின் விலகலை அங்குலக் கணக்கில் சொல்லத் தெரிந்தவர்களுக்கு இந்த எண்களைச் சொல்வது கடினமாக இருக்காது.