பிள்ளை சிரித்தால் தாய்க்கு மயிர் உதிருமா?

"பிள்ளை முகம் பார்த்துச் சிரித்தால் பெற்றவளுக்கு மயிர் உதிரும்" என்கிறார்கள். தகப்பன் முகத்தையுந்தானே பிள்ளை பார்த்துச் சிரிக்கிறது? அவன் தலை மாத்திரம் ஏன் மொட்டையாவதில்லை என்று கேட்கிறோம்.

கர்ப்பகாலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு மிகுவதால், உதிரவேண்டிய மயிரும் உதிராமல் நிற்கிறது. பிரசவமானதும் சுரப்பு இறங்குகிறது. நின்ற மயிரெல்லாம் ஏறக்குறைய மூன்றாம் மாதத்தில் சேர்ந்து கொட்டுகிறது. பிள்ளை சிரிக்கப் பழகுவதும் அக்காலந்தான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை!

கீரிப்பாறையை அடுத்த காளிகேசத்தின் பெயரிலேயே கேசம் இருக்கிறது. அங்கே நேர்ந்துகொண்டால் மயிர் நிற்குமென்று எவரேனும் சொன்னாலும் ஆச்சரியமில்லை. நேர்ந்தவளுக்கும் நேராதவளுக்கும் பெரும்பாலும் ஓராண்டுக்குள் வளரத்தான் போகிறது. காளிக்குப் புகழ், தைலக்காரனுக்குப் பணம்!

இவ்வளவோடு போனால் சிரித்துவிட்டுப் போகலாம். விடியுமுன் ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகிறவளுக்குப் பத்தியமென்று மீனையும் முட்டையையும் கீரையையும் மறுத்து, இரத்தத்தை வற்றவைத்து, பிறகு மயிருக்குக் கண்ணேறு கழிப்பதைத்தான் நம்மால் பொறுக்க முடியவில்லை. இரத்தசோகையாலும் மயிர் கொட்டும். தைராய்டு கோளாறாலும் கொட்டும். ஓராண்டாகியும் நிற்காவிட்டால், அல்லது களைப்பும் மூச்சிரைப்பும் கூடவே இருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். கணவன்மார்களே, வண்டிச்சத்தம் உங்கள் செலவு.